நானூற்றுப் பதினேழாவது பாட்டில்

காலை மணி ஒன்பது இருபது.

"கொலை!"

லமாராவின் அலறல் ஆய்வகத்தின் இரண்டு மாடிகளையும் கடந்து வாசல்வரை வந்தது.

பதினைந்து நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் ரேவாஸ் வந்துவிட்டான். லமாராவின் மாடி வீட்டுக்காரன். பால் பல் விழுந்த வயதிலிருந்து அவளைத் தெரியும். ஊருக்கெல்லாம் அவள் அறுபது வயது விஞ்ஞானி. அவனுக்கு வெறும் அத்தை.

"பாடி எங்கே அத்தை?"

லமாரா ஒரு சிறிய கண்ணாடிப் பாட்டிலை நீட்டினாள்.

"இதுக்குள்ள."

"...?"

"ஆயிரம் கோடி உயிர் இருந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல!"

ரேவாஸ் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தான். தண்ணீர் போலிருந்தது.

"அத்தை... திபிலிசி ஊரே திராட்சை அறுவடைக்குப் போயிடுச்சு. ஸ்டேஷன்ல நானும் ஒரு பூனையும்தான் மிச்சம். இந்தத் தண்ணிக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"வாயை மூடுடா! சாயங்காலம் நாலு மணிக்கு ஒருத்தன் காலை வெட்டப் போறாங்க."

மூடினான்.

மேஜைமேல் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு. அதில் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. திராட்சை வாசனை வீசியது.

"குனிஞ்சு மோந்து பாக்காதீங்க. அது பழம் இல்ல, கிருமி," என்றாள் எட்டேரி. ஆய்வகத்தின் மூத்த உதவியாளர். காச்சபூரி என்ற பாலாடைக்கட்டி ரொட்டியை மென்றுகொண்டே பேசுகிறவள். "இது வந்ததுலேருந்து எனக்கு ஒயினே பிடிக்கல. என் புருஷனுக்குத்தான் சந்தோஷம்."

"சின்ன வயசுல உனக்கு வயித்தால போனப்ப நான் ஒரு பாட்டில் ஊத்தினேனே, ஞாபகம் இருக்கா?" என்று ரேவாஸிடம் கேட்டாள் லமாரா.

"ஃபேஜ்தானே? கசந்துச்சு."

"அதே ஜாதி. கிருமியைத் தின்கிற வைரஸ். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிருமிதான் சாப்பாடு. பக்கத்து வீட்டுக் கிருமியை ஏறெடுத்தும் பாக்காது."

"ரொம்ப ஒழுக்கமான வைரஸ்."

"இந்தப் பாட்டில் கோச்சான்னு ஒருத்தனுக்குன்னே வளர்த்தது. தெலாவிக்கு மினி பஸ் ஓட்டறவன். ரெண்டு மாசம் முன்னாடி லாரி மோதித் தொடை எலும்பு உடைஞ்சுது. தகடு வெச்சுத் தெச்சாங்க. கிருமி அந்தத் தகட்டு மேலேயே குடியேறிடுச்சு."

"மருந்து குடுத்தா போச்சு."

"ஒன்பது மருந்து குடுத்தாச்சு! ஒண்ணும் கேக்கல. அதுங்க கூட்டமா உக்காந்து பசையால ஒரு போர்வை நெய்து போத்திக்கிட்டிருக்கு. மருந்து போர்வைக்கு மேலேயே நின்னுடும். போர்வையைக் கரைச்சு உள்ள போகிற ஃபேஜ் ஒண்ணு வேணும். ஆத்துல சாக்கடை கலக்கிற இடத்துல நாலு வாரம் தண்ணி மொண்டு தேடினேன். கிடைச்சுது. ரெண்டு வாரம் முன்னாடி சோதிச்சப்ப தட்டையே வழிச்சுத் துடைச்ச மாதிரி தின்னுது."

"இப்ப?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி புதுசா சீழ் எடுத்து இன்னொரு தடவை சோதிப்போம். அது எங்க வழக்கம். நேத்துக் காலைல சீழ் வந்தது. சாயங்காலம் இந்தப் பாட்டிலை அது மேல சொட்டு விட்டேன். தின்ன இடம் ஓட்டை மாதிரி தெளியணும்... இப்ப பாரு."

ரேவாஸ் பார்த்தான்.

ஓட்டை இல்லை. பச்சை மட்டும்.

"யாரோ பாட்டிலைக் கொன்னுட்டாங்க," என்றாள் லமாரா. "சூடு காட்டினா போதும். ஒரு சொட்டு ஸ்பிரிட் போதும்."

"குளிர் அறைச் சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. எட்டேரிகிட்ட ஒண்ணு."

ரேவாஸ் திரும்பினான்.

எட்டேரி மெல்வதை நிறுத்தவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா இந்த வைரஸுங்களுக்குச் சோறு போடறேன் தம்பி. கொல்லணும்னா முதல்ல என் மாமியாரைத்தான் கொன்னிருப்பேன்."

தொலைபேசி அலறியது!

லமாரா எடுத்தாள்.

"நான் தெமூர் பேசறேன். ரிசல்ட் என்ன ஆச்சு மேடம்?"

டாக்டர் தெமூர். கோச்சாவுக்குத் தகடு வைத்த சர்ஜன். மென்மையான குரல்.

"...வேலை செய்யல டாக்டர்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு.

"நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டீங்க. காய்ச்சல் நாப்பது டிகிரி செல்சியஸ்ல நிக்குது. இனி காத்திருந்தா ரத்தத்துல ஏறிடும். நாலு மணிக்கு இடுப்போட எடுத்துடறேன். கால் போனாலும் உயிராவது மிஞ்சட்டும்."

வைத்துவிட்டார்.

லமாராவின் கை ரிசீவரிலேயே இருந்தது.

"எட்டேரி! கோச்சாவோட பழைய கிருமி இருக்கா?"

"ரெண்டு வாரத்துக்கு முந்தினதா? ஃபிரிட்ஜ்ல இருக்கு."

"அதை ஒரு தட்டுல போடு. இந்தப் பாட்டிலைச் சொட்டு விடு. பாட்டில் செத்துடுச்சா இல்லையான்னு அது சொல்லும். இன்னொரு தட்டுல நேத்து வந்த கிருமி. அது மேல... அலமாரில இந்த இனத்துக்குன்னு இருக்கிற எல்லா பாட்டிலையும் சொட்டு விடு. எதாவது ஒண்ணு தின்னுமான்னு பாப்போம்."

"எண்பத்தாறு பாட்டில் இருக்கு."

"எண்பத்தாறையும்!"

"எப்ப தெரியும் அத்தை?"

"மூணு மணிக்குத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டரை."

மணி பத்தே கால்.

*

பதினொன்று.

கோச்சாவின் மனைவி அஸ்மத் ரேவாஸின் எதிரே உட்கார்ந்திருந்தாள். மெலிந்த முகம். மடியில் கைப்பை.

ஊர் வழக்கம் அது. ஆஸ்பத்திரியில் சீழ் எடுத்துக் குழாயில் மூடி உறவுக்காரர் கையில் கொடுப்பார்கள். உறவுக்காரர்தான் பஸ் பிடித்து ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

"நேத்து எத்தனை மணிக்குக் குழாயை வாங்கினீங்க?"

"எட்டு."

"இங்க சேர்த்தது?"

"ஒன்பது."

"பஸ்ல இருபது நிமிஷம்தானே? மீதி நாப்பது நிமிஷம் எங்க போனீங்க?"

"கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்தினேன்."

"நாப்பது நிமிஷமா? எத்தனை மெழுகுவர்த்தி?"

அஸ்மத் நிமிர்ந்தாள்.

"சார்... உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"தெரியுது. புருஷன் காய்ச்சல்ல கிடந்து என்னை வேற யாரோன்னு நெனச்சு 'டிக்கெட் எடுத்தியாம்மா'ன்னு கேக்கறப்ப, எத்தனை மெழுகுவர்த்தி ஏத்தணும்னு கணக்கு எல்லாம் வராது!"

ரேவாஸ் குரலைத் தாழ்த்தினான்.

"குழாயை யார் கையிலயாவது குடுத்தீங்களா? யாராவது இடிச்சாங்களா? பையைக் கீழ வெச்சீங்களா?"

"பை மார்போட இருந்துது. குழந்தை மாதிரி. டாக்டர் குடுத்தார், நான் வாங்கினேன், இங்க எட்டேரி அம்மா கையில குடுத்தேன். அவ்வளவுதான்!"

ரேவாஸின் பேனா நின்றது.

"டாக்டரா? நர்ஸ் இல்லையா?"

"எப்பவும் நர்ஸ்தான். நேத்து தெமூர் டாக்டரே எடுத்தார். என்னை வெளிய நிக்கச் சொன்னார். நர்ஸ் எல்லாம் அறுவடைக்குப் போயிட்டாங்கன்னார். எவ்வளவு நல்ல மனுஷர்..."

ரேவாஸ் அந்த வரியை எழுதினான். அடியில் கோடு போடலாமா என்று யோசித்தான்.

போடவில்லை.

அறுவடை வாரத்தில் டாக்டர் நர்ஸ் வேலை பார்ப்பது குற்றமில்லை.

அவள் செல்போன் அடித்தது. கோச்சா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அஸ்மத்! எந்தக் காலை எடுக்கறாங்கன்னு கேட்டியா?"

"வலதுதாங்க..."

"ஐயோ... அது பிரேக் கால்! இடதை எடுத்துக்கச் சொல்லு. கிளட்ச்சை எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை.

அஸ்மத் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

*

ஒன்று. ஒன்றரை. இரண்டு.

வெதுவெதுப்புப் பெட்டியின் கண்ணாடிக் கதவுமுன் லமாரா நின்றிருந்தாள். சாப்பிடவில்லை.

இரண்டு பத்துக்குக் கதவைத் திறந்தாள். முதல் தட்டை எடுத்தாள். கோச்சாவின் பழைய கிருமி. அதன்மேல் 'கொலையான' பாட்டிலின் சொட்டு.

நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. இன்னும் மங்கல்தான். ஆனால் ஓட்டை!

"ரேவாஸ்!"

ஓடி வந்தான்.

"பாட்டில் உயிரோட இருக்கு! யாரும் கொல்லல! இன்னும் அதே பசியோட தின்னுது!"

"அப்ப நேத்து ஏன் தின்னல?"

லமாரா அவனைப் பார்த்தாள். அவன் லமாராவைப் பார்த்தான்.

"ஏன்னா... நேத்து வந்தது கோச்சாவோட கிருமியே இல்ல."

"கிருமி மாறியிருக்கலாம் இல்லையா?" என்றாள் எட்டேரி. "ரெண்டு வாரத்துல அதுங்க சட்டை மாத்திக்கும். அதுக்குத்தானே மறுபடி சோதிக்கிறோம்."

"ரெண்டாவது தட்டை எடு!"

எண்பத்தாறு சொட்டுகள். கட்டம் கட்டமாக. எட்டேரி விளக்கின்கீழ் பிடித்தாள்.

எண்பத்தைந்து இடங்களிலும் பச்சை.

ஒரே ஓர் இடத்தில் ஓட்டை.

"எந்தப் பாட்டில்?"

எட்டேரி கட்டத்தை எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

"நானூத்திப் பதினேழு."

இந்த ஆய்வகத்தில் எந்தப் பாட்டிலையும் எறிய மாட்டார்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத குளிர்காலங்களில் லமாராவும் எட்டேரியும் பாட்டில்களைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தவர்கள். பனியில் பால்கனியில் வைத்துக் காப்பாற்றியவர்கள். அதன்பின் காலிப் பாட்டிலைக்கூட எறிய அவர்களுக்குக் கை வரவில்லை. யாருக்காக வளர்த்ததோ அவர் பெயர் ஒவ்வொன்றின்மேலும் இருக்கும்.

லமாரா குளிர் அறைக்குள் போனாள். வந்தாள். பாட்டிலை மேஜையில் வைத்தாள்.

மூன்று வருடப் பழைய லேபிள். எட்டேரியின் கையெழுத்து.

ரேவாஸ் சத்தமாகப் படித்தான்.

"இடது காது, சீழ். பெயர்... தெமூர்!"

"ஆமா!" எட்டேரி வாயில் கை வைத்தாள். "காது வலின்னு வந்தார். ஆறு வாரம் போடணும்னேன். ரெண்டு வாரம் வந்தார், வலி நின்னுது, ஆளும் நின்னுட்டார். டாக்டருங்கதான் மோசமான பேஷண்ட்டு!"

"அந்தக் கிருமி இன்னும் அவர் காதுக்குள்ளேயே போர்வை போத்திட்டு உக்காந்திருக்கு," என்றாள் லமாரா. "கோச்சாவோட குழாய்ல அவர் தன் காதுச் சீழை அனுப்பியிருக்கார். அதே இனம், அதே பச்சை, அதே வாசனை. யாருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சிருக்கார்."

"எதுக்கு? கோச்சா காலோட இவருக்கு என்ன பகை?"

கதவு படாரென்று திறந்தது. அஸ்மத்!

"ஆஸ்பத்திரிலேருந்து போன்! நாலு மணி இல்லையாம்... இப்பவே உள்ள கொண்டு போயிட்டாங்களாம்!"

*

ஜீப் ஆற்றோரச் சாலையில் சீறியது. லமாராவின் மடியில் ஐஸ் பெட்டி. உள்ளே கோச்சாவின் பாட்டில்.

ரேவாஸ் ஒரு கையால் ஓட்டினான். மறு கையில் போன்.

"ஆபரேஷன் தியேட்டரைக் குடுங்க! போலீஸ்!"

"உள்ள யாரும் போன் எடுக்க மாட்டாங்க சார்."

"ஓடிப் போய்க் கதவைத் தட்டுங்க!"

"வரவேற்புல நான் ஒருத்திதான் சார் இருக்கேன். எல்லாரும் அறுவடைக்கு..."

போனைச் சீட்டில் எறிந்தான்.

லமாராவும் ஒரு போன் பேசினாள். ஆஸ்பத்திரியின் தலைமை சர்ஜன் ருசுதானுக்கு. முப்பது கிலோமீட்டர் தள்ளித் தன் தோட்டத்தில் திராட்சை பறித்துக்கொண்டிருந்தாள்.

"ருசுதான், கூடையைக் கீழ வை. காரை எடு. காரணம் அப்புறம் சொல்றேன்."

"அத்தை, ஒண்ணு சொல்லுங்க," என்றான் ரேவாஸ். "உங்க பாட்டில் வேலை செஞ்சிருந்தா இன்னிக்கு என்ன நடந்திருக்கும்?"

"தொடையைத் திறந்து, தகட்டைக் கழட்டி, மூலை முடுக்கெல்லாம் சுரண்டி, ஃபேஜை ஊத்தியிருப்போம். எங்க ஆள் ஒருத்தர் பக்கத்துல நிப்பார். அது விதி."

"காலை வெட்டினா?"

"நாங்க எதுக்கு? அவர் வெட்டுவார். கால் எரிக்கிற உலைக்குப் போகும்."

ரேவாஸ் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

"கொலைகாரன் பிணத்தை ஒளிப்பான். இந்த ஆள் காலை ஒளிக்கப் பாக்கறார். அந்தத் தொடைக்குள்ள என்னமோ இருக்கு அத்தை!"

*

தியேட்டர் கதவு உதைபட்டுத் திறந்தது.

பச்சை உடுப்பில் டாக்டர் தெமூர். கையில் கத்தி. தொடையின் உச்சியில் நீல மையால் ஒரு கோடு. மயக்க மருந்துக்காரர் ஒருவரைத் தவிர வேறு யாருமில்லை.

கத்திக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"வெளிய போங்க! இது சுத்தமான இடம்!"

"நீங்க உள்ள இருக்கறப்ப அது எப்படி டாக்டர் சுத்தமான இடம்?"

மேஜைமேல் திரைக்கு மறுபுறமிருந்து ஒரு குரல் வந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போன கோச்சா.

"யாருங்க அது? யாராவது எட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்... கால் இருக்கா, போயிடுச்சா? எனக்கு ஒண்ணுமே தெரியல."

"இருக்குப்பா," என்றாள் லமாரா. "ரெண்டும் இருக்கு."

"கத்தியைக் கீழ வைங்க டாக்டர்," என்றான் ரேவாஸ். "தொப்பியைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"உங்க இடது காதைப் பாக்க ஆசையா இருக்கு."

தெமூர் அசையவில்லை. ரேவாஸே தொப்பியை இழுத்தான்.

இடது காதில் பஞ்சு. பஞ்சின் நுனியில் பச்சை.

"நானூத்திப் பதினேழு," என்றாள் லமாரா. "உங்களுக்கு மறந்திருக்கும். எங்க அலமாரிக்கு மறக்கல."

கத்தி தட்டில் விழுந்தது.

தெமூர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"பஞ்சு..." என்றார்.

"காதுல இருக்கிறதா?"

"இல்ல. உள்ள. அவன் தொடைக்குள்ள."

ரேவாஸ் விலங்கை எடுத்தான். தெமூர் தொடர்ந்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி... தகடு வெச்சுத் தெச்ச அப்புறம் எண்ணினேன். மூணு பாக்கெட், முப்பது பஞ்சு. இருபத்தொன்பதுதான் இருந்துது. தையலைப் பிரிச்சுப் பாத்திருக்கணும். பிரிக்கல. முப்பதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எக்ஸ்ரே?"

"பஞ்சுக்குள்ள எக்ஸ்ரேல தெரியற நூல் இருக்கும். எடுத்தா தெரிஞ்சிடும்னு எடுக்கவே இல்ல. பத்து நாள்ல சீழ் வந்துது. என் பஞ்சாலதான் வந்துதுன்னு எனக்குத் தெரியும். இன்னொருத்தர் முன்னாடி திறந்தா என் கதை முடிஞ்சுது. கால் போயிட்டா... கூடவே அதுவும்..."

"டாக்டர்," திரைக்கு அப்புறமிருந்து கோச்சா. "எனக்குக் காதும் மரத்துப் போச்சுன்னு நெனச்சீங்களா?"

*

மணி ஆறு.

ருசுதான் வெளியே வந்தாள். உறையைக் கழற்றிய விரல்களில் இன்னும் ஊதாத் திராட்சைக் கறை.

அஸ்மத் எழுந்தாள். நின்றாள்.

"கால் பத்திரம்," என்றாள் ருசுதான். "தகட்டை எடுத்துட்டேன். வெளிப்பக்கம் சட்டம் போட்டு எலும்பை நிறுத்தியிருக்கு. லமாராவோட பாட்டிலை உள்ள ஊத்தி, ஒரு குழாயும் விட்டிருக்கு. பத்து நாள் அது வழியா ஊத்தணும். காய்ச்சல் இப்பவே ஒரு புள்ளி இறங்கியிருக்கு. அதுக்குள்ள நான் சந்தோஷப்பட மாட்டேன். நீ வேணா படு."

அஸ்மத் லமாராவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லமாரா அவள் தலையைத் தடவினாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து முதல் முறையாக.

பெஞ்சின் ஓரத்தில் தெமூர். கையில் விலங்கு. பக்கத்தில் ரேவாஸ்.

"பஞ்சு கிடைச்சுதா மேடம்?" என்றான் ரேவாஸ்.

"எந்தப் பஞ்சு?"

"தொடைக்குள்ள இருந்தது."

"தொடைக்குள்ள ஒண்ணும் இல்லையே."

தெமூர் எழுந்துவிட்டார்.

"இருக்கும்! சரியாப் பாருங்க! எலும்புக்குப் பின்னாடி..."

"ரெண்டரை மணி நேரம் உள்ளதான் இருந்தேன் தெமூர். கடைசில எக்ஸ்ரேயும் எடுத்தேன். ஒரு நூல்கூட இல்ல. தகட்டு மேல கிருமி மட்டும்தான். எந்த ஆபரேஷன்லயும் வரலாம். யார் கைலயும் வரலாம்."

"அப்ப அந்த ஒண்ணு...? இருபத்தொன்பதுதானே இருந்துது! நானே எண்ணினேன்!"

ரேவாஸ் அவரை உட்கார வைத்தான். ஸ்டோர் ரூமுக்குப் போனான். கோச்சாவின் ஆபரேஷன் குறிப்பேட்டில் இருந்த பஞ்சுப் பெட்டி எண்ணைத் தேடினான். பாதி காலியான பெட்டி இன்னும் அங்கேயே இருந்தது.

நான்கு பாக்கெட்டுகளோடு திரும்பினான்.

முதலாவதைப் பிரித்தான். தெமூர் முன்னால் பெஞ்சில் பஞ்சுகளை ஒவ்வொன்றாக வைத்தான்.

பத்து.

இரண்டாவது. பத்து.

மூன்றாவது.

ஏழு... எட்டு... ஒன்பது.

பாக்கெட்டைக் கவிழ்த்தான். உதறினான். உள்ளே விரலை விட்டுப் பார்த்தான்.

ஒன்றுமில்லை!

நான்காவதைப் பிரித்தான். அதிலும் ஒன்பது.

 

ரேவாஸ் ஒன்பது பஞ்சுகளையும் அழகாக அடுக்கி அவர் மடியில் வைத்தான்.

"பாக்கெட்டைப் பிரிச்சப்பவே எண்ணியிருக்கலாமே டாக்டர்... பத்து வரைக்கும் எண்ண உங்க கையில விரல் இருந்துதா, இல்ல அதையும் யார் வயித்துலயாவது வெச்சுத் தெச்சுட்டீங்களா?"